சுண்டுவின் தலைமுடியும் பதினொரு நிபந்தனைகளும்

மாஸ்டருக்குக் கை முந்திக்கொள்ளும், யோசனை பின்னால்தான் வரும். இருபத்தாறு வருஷமாக முடி வெட்டுகிற கை அது. கடையில் இரண்டே நாற்காலிகள். ஒருவருக்கு வெட்டிக்கொண்டே அடுத்து உட்காருகிறவரின் தலையைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குள் கை தானாகவே அந்தத் தலைக்கான சீப்பையும் கத்திரியையும் எடுத்து வைத்துவிடும். பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரரின் பிடரி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருப்பதைக் கண்டு விரல் துறுதுறுக்கும். ஒரு தடவை ஆஸ்பத்திரி வரிசையில் காய்ச்சலோடு நின்றபோது, முன்னால் நின்றவரின் காதோரம் நீட்டிக்கொண்டிருந்த நாலு முடியைக் கேட்காமலே நறுக்கிவிட்டார். அந்த மனிதர் தங்கமானவர். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மற்றபடி அவரைப் போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. காலையில் கடையைத் திறந்ததும் கத்திரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கடவுளே, எவர் காதும் என் கையால போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் தலையைத் தொடுவார். கடவுளும் இந்நாள் வரை எல்லார் காதையும் காப்பாற்றித்தான் கொடுத்திருக்கிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாகச் சவரத்துக்கு வருகிற கண்டக்டர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார்.

"யோவ் மாஸ்டர், இந்தக் கன்னத்துக்கு மூணு தடவை சோப்பு போட்டுட்ட. அந்தக் கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"மன்னிச்சுக்குங்க கண்டக்டரே. இன்னிக்கு நாலு மணிக்கு சுண்டுவைப் பாக்கப் போறேன்."

"தாராளமா போ. என் மூக்கை மட்டும் இங்கயே விட்டுட்டுப் போ."

சுண்டு மாஸ்டருடைய தங்கையின் மகள். ஆறு வயது. பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாள் என்று மாமன் வைத்த செல்லப் பெயர் அது. கணவன் விட்டுப் போன பிறகு தங்கைக்குத் தூக்கம் வராமல் போயிற்று. தூக்கத்துக்காக மாத்திரை போட ஆரம்பித்தாள். அப்புறம் மாத்திரை இல்லாமல் எழுந்து நிற்கவே முடியவில்லை. அண்ணனுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு மூன்று மணி நேரம் ஆகியும் சுண்டு பள்ளி வாசல் படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அது முதல் தடவை இல்லை, மூன்றாவது தடவை. பள்ளிக்கூடத்தார் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். குழந்தை ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனாள். தாய் ஒரு சிகிச்சை இல்லத்துக்குப் போனாள்.

"நெருங்கின சொந்தக்காரங்க யாராவது முன்வந்தா பாதுகாவலர் பொறுப்பை அவங்க பேருக்கு மாத்தலாம்" என்று பாதுகாப்பு அதிகாரி சொன்ன அதே நிமிஷம் மாஸ்டர் கையைத் தூக்கினார். இங்கேயும் கைதான் முந்தியது. ஆனால் அந்தத் தடவை யோசனையும் கூடவே ஓடி வந்தது. அவருடைய ஒரே மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டதால் ஓர் அறை காலியாகத்தான் கிடந்தது. போலீஸ் நற்சான்று வாங்கினார், டாக்டரிடம் நெஞ்சைக் காட்டினார், வீட்டைச் சோதிக்க வந்தவர்களுக்குக் குளியலறைத் தாழ்ப்பாள் வரைக்கும் திறந்து காட்டினார். எல்லாத் தாளும் சேர்ந்துவிட்டன. ஒன்றைத் தவிர.

அது தங்கையின் கையெழுத்து. இரண்டு தடவை படிவத்தோடு போனார். இரண்டு தடவையும் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எம் பொண்ணை எழுதிக் குடுக்கச் சொல்றியாண்ணா?" என்று கேட்டதோடு சரி.

வெள்ளிக்கிழமை குடும்ப நீதிமன்றத்தில் விசாரணை. தாயின் சம்மதம் இருந்தால் அன்றைக்கே முடிந்துவிடும். இல்லாவிட்டால் மூன்று மாதம் தள்ளிப்போகும். இல்லத்தில் அவ்வளவு நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். திங்கட்கிழமையே எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற யாரோ ஒரு வளர்ப்புக் குடும்பத்துக்குச் சுண்டு போயாக வேண்டும்.

இது மனதில் உறுத்திக்கொண்டிருந்தாலும், பிள்ளையைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அதை மூடிவிட்டது. கண்டக்டரின் மறு கன்னத்தையும் ஒருவழியாக முடித்துவிட்டு, மேல்துண்டை உதறி மாட்டிவிட்டு, மூன்றே காலுக்கே கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் உறை போட்ட சிறு கத்திரியும் சீப்பும் இருந்தன. அவை இல்லாமல் அவர் வெளியே போனதே கிடையாது. மற்றவர்களுக்குப் பேனா எப்படியோ அப்படி. இல்லத்து வாசல் காவலர் கைப்பையைத் திறந்து பார்த்தார். சட்டைப் பையைப் பார்க்கவில்லை.

சந்திப்பு அறையில் ஒரு வட்ட மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கூடை நிறைய பொம்மைகள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன வயசுக்காரி, மூக்குக் கண்ணாடி போட்டவர், நியாயமானவர். ஒரு மணி நேரம் கொடுப்பார்.

சுண்டு ஒரு கழுத்துத் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"என்னடா சுண்டு, தலையில முக்காடு?"

"குளிருது."

"விசிறியே ஓடல, எங்கேர்ந்து குளிரு?"

"சிரிக்க மாட்டேன்னு சொல்லு மாமா."

"சத்தியமா சிரிக்க மாட்டேன்."

துணியை எடுத்தாள். வலது காதுக்கு மேலே, வேர் வரைக்கும், மூன்று நாள் பழைய பபிள்கம் கல்லாக இறுகிக் கிடந்தது. சுற்றியிருந்த முடியெல்லாம் அதில் பின்னிக்கொண்டு ஒரு பறவைக் கூடே தொங்குவது போல இருந்தது.

"யாருடா பண்ணினது?"

"யாரும் இல்ல. தூங்கறப்ப வாயில இருந்துச்சு. எழுந்தப்ப தலையில இருந்துச்சு." உதடு பிதுங்கியது. "எல்லாரும் என்னை ஒட்டடைன்னு கூப்பிடறாங்க மாமா. நான் வகுப்புல பின்னாடி போய் உக்காந்துக்கறேன்."

கண்ணாடிக்கு அப்பால் அதிகாரியின் போன் அடித்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேச ஆரம்பித்தார்.

மாஸ்டர் யோசித்தாரா என்று கேட்டால், இல்லை. சீப்பு வந்தது, கத்திரி வந்தது, காற்றில் இரண்டு தடவை 'கிச் கிச்' என்றது. ஒட்டியிருந்ததை வேரை ஒட்டி நறுக்கி எடுத்தார். எடுத்ததும் அந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. ஒரு பக்கம் பள்ளம் இருக்க மறு பக்கம் நீளமாக விட எந்த முடிதிருத்துகிறவருக்கு மனம் வரும்? இந்தப் பக்கம் சரி செய்தார், அந்தப் பக்கம் சரி செய்தார், பின்னால் படிப்படியாக இறக்கினார். ஏழே நிமிஷம். அழகான ஒரு கிராப்பு.

சுண்டு கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தாள். தலையை இப்படி ஆட்டினாள், அப்படி ஆட்டினாள்.

"மாமா! கழுத்துல காத்து அடிக்குது!"

சிரித்தாள். இரண்டு மாதத்தில் மாஸ்டர் பார்த்த முதல் சிரிப்பு. சுற்றிச் சுற்றி வந்து சிரித்தாள். அந்தச் சமயத்தில்தான் அதிகாரி திரும்பினார்.

"சார்... இது என்ன?"

"கிராப்பு மேடம்."

"அது தெரியுது சார். முதல்ல அந்தக் கத்திரியை மேசை மேல வைங்க."

வைத்தார். அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"கூர்மையான பொருள் எதுவும் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது. அது ஒண்ணு. இன்னிக்குத் தேதியில இந்தக் குழந்தைக்கு முடி வெட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. எனக்கும் கிடையாது. கோர்ட் மாத்தற வரைக்கும் அவங்க அம்மாவுக்குத்தான் உரிமை. அந்த பபிள்கம்மை நாங்க ஏன் இன்னும் வெட்டலைன்னு நினைச்சீங்க? அம்மாகிட்ட சம்மதம் கேட்டு ஆள் அனுப்பிட்டு ரெண்டு நாளா காத்துட்டு இருக்கோம்."

மாஸ்டர் சீப்பையும் எடுத்துக் கத்திரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை நான் ரிப்போர்ட்ல எழுதியே ஆகணும் சார். அம்மாவுக்கும் நாளைக்கு மதியத்துக்குள்ள தகவல் சொல்லணும். அதான் விதி."

விதி என்றால் விதிதான். மகளை அண்ணன் எழுதி வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்று ஏற்கெனவே நினைக்கிறவள், கேட்காமல் பிள்ளையின் தலையில் கை வைத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் கையெழுத்துப் போடுவாளா?

"மாமா தப்பு பண்ணிட்டாங்களா?" என்று சுண்டு அதிகாரியைக் கேட்டாள்.

"தப்புதான். ஆனா நல்லாத்தான் வெட்டியிருக்காங்க" என்றார் அதிகாரி.

மாஸ்டர் ஒரு துடைப்பம் கேட்டு வாங்கினார். தரையில் கிடந்த முடியை ஒன்றுவிடாமல் கூட்டி, ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெட்டின முடியைத் தரையில் விட்டுவிட்டு வர அவருக்குப் பழக்கம் கிடையாது.

வீட்டில் மனைவி அப்போதுதான் லாண்ட்ரியில் இஸ்திரி வேலை முடிந்து வந்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவருடைய வலது கையைப் பார்த்தாள்.

"உங்க கைக்கு ஒரு பூட்டு போடணும். சாவியை நான் வச்சுக்கணும்."

"போடுடி. இப்ப என்ன பண்றது, சொல்லு."

"அந்த மேடம் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொல்லுங்க. காலைல முதல் ஆளா போங்க. திட்டினா வாங்கிக்குங்க, அடிச்சா கூட வாங்கிக்குங்க."

"கையெழுத்து?"

"அதைப் பத்தி வாயே திறக்கக் கூடாது! படிவத்தையே எடுத்துட்டுப் போகாதீங்க. நீங்க போறது மன்னிப்பு கேக்க. ஒரு காரியத்துக்குப் போனா அந்த ஒரு காரியம்தான்."

இப்படி ஒரு மனைவியைக் கொடுத்ததற்கு மாஸ்டர் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பேச்சு விழும்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குச் சிகிச்சை இல்லத்தின் கதவு திறந்தபோது முதல் ஆளாக உள்ளே போனார். தங்கை பின்கட்டில் துணிக் கொடிகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"படிவம் கொண்டு வரலம்மா. ஒரு தப்பு பண்ணிட்டேன். சொல்லிட்டுப் போயிடறேன்."

ஒன்றுவிடாமல் சொன்னார். காகிதப் பொட்டலத்தை அவள் மடியில் வைத்தார். அவள் அதைப் பிரித்தாள். விரலால் தொட்டாள். அவளுடைய தோள் ஆடியது. அழுகிறாள் என்று நினைத்து மாஸ்டர் குனிந்தார்.

"எவ்வளவு வெட்டின?"

"காது தெரியற அளவுக்கு."

அவள் எழுந்து நின்றாள்.

"காது தெரியற அளவுக்கா! அவ காது பெரிசுன்னு கிளாஸ்ல கிண்டல் பண்றாங்கன்னுதானே நான் வளத்து மூடி வச்சிருந்தேன்! ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷம் பொத்திப் பொத்தி வளத்த முடி! உனக்கு என்ன தெரியும் அவளைப் பத்தி? தலைதான் தெரியும் உனக்கு! ஊர்ல இருக்கிற தலையெல்லாம் தெரியும்!"

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல எங்க சுடும்? சொல்லு!"

"நெத்தில."

"நெத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காது மடல் செவக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் நெத்தி. பால்ல ஆடை கிடந்தா வாந்தி எடுப்பா, தெரியுமா? பல் தேச்சியான்னு கேட்டா தேச்சேன்னு பொய் சொல்லுவா, பிரஷ்ஷைத் தொட்டுப் பாக்கணும், தெரியுமா? இடி இடிச்சா பயம்னு சொல்ல மாட்டா, வயிறு வலிக்குதுன்னு சொல்லுவா. தெரியுமா உனக்கு?"

மாஸ்டர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். ஆனால் குனிந்த முகத்தில் அடக்க முடியாமல் ஒரு மலர்ச்சி. தங்கையின் முகம் இரண்டு மாதமாகச் சாம்பல் பூத்துக் கிடந்தது. 'ம்' தவிர வேறு சொல் அதிகம் வராத வாய் அது. இப்போது முகத்தில் இரத்தம் ஓடுகிறது, கண்ணில் பொறி பறக்கிறது, குரல் மதில் வரைக்கும் போகிறது! சிறு வயதில் இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்ட அதே தங்கை!

"சிரிக்கிறியா நீ?"

"இல்லம்மா. நீ திட்டறது கேக்க நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் திட்டு."

பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு வந்த ஆலோசகர் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். நரைத்த தலை, பெரிய சாவிக்கொத்து.

"இவ்வளவு விஷயத்தையும் ஏன் காத்துல கத்தி வீணாக்கறீங்க? எழுதுங்க."

"எழுதி?"

"படிவம் இல்லாட்டியும் பரவாயில்ல, சம்மதக் கடிதத்தோட அம்மாவோட நிபந்தனைகளையும் சேர்க்கலாம். நீதிபதி படிப்பாங்க. பொறுப்பு எடுத்துக்கறவர் அதும்படி நடக்கணும். நடக்கலைன்னா நீங்க கேக்கலாம்."

"கையெழுத்து போட்டா நான் அம்மா இல்லாம போயிடுவேன்னு..."

"பாதுகாவலர்தான் மாறுவாங்க. அம்மா மாற மாட்டாங்க. குணமாகி வந்து திரும்பக் கேக்கவும் வழி இருக்கு."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"ரெண்டு தடவை சொன்னேன். நீங்க சுவத்தோட பேசிட்டு இருந்தீங்க."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். மடியில் இருந்த முடியைப் பார்த்தாள். பிறகு, "பேனா குடுங்க" என்றாள்.

வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவோம் என்று பயந்து, மாஸ்டர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தாளைக் கசக்கிப் போட்டாள். மூன்றாவது தாளில் எழுத்து நேராக வந்தது. நடுநடுவே நிறுத்தி, "மாடிப்படில கைப்பிடி இருக்கா உங்க வீட்ல?" என்று கேட்பாள். "மாடியே இல்லம்மா" என்றால், "அப்ப சரி" என்று மேலே எழுதுவாள். மேலே சம்மதம், அதன் கீழ் பதினொரு நிபந்தனை. முதலாவது, என்னைக் கேட்காமல் முடி வெட்டக் கூடாது. பதினொன்றாவது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் கூட்டி வர வேண்டும். அதற்குக் கீழே கையெழுத்து.

அதிகாரியின் அலுவலகத்தில் தாள்களைச் சேர்க்க அன்றைக்குப் பன்னிரண்டு மணிதான் கடைசி. மாஸ்டர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல ஓடினார். முதல் பஸ்ஸில் உட்கார இடமில்லை. இரண்டாவது பஸ் சிக்னலில் நின்றுகொண்டே இருந்தது. இறங்கி ஓடினார். அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. அதிகாரி தொலைபேசியைக் கையில் எடுத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அவங்க அம்மாவுக்குத் தகவல் சொல்லத்தான்..."

"சொல்லிட்டேன் மேடம்" என்று மூச்சிரைத்தார் மாஸ்டர். "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். இந்தாங்க!"

வெள்ளிக்கிழமை நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒரே சத்தம். நீதிபதி அம்மா தாள்களைப் புரட்டினார். மாஸ்டரும் மனைவியும் முன் வரிசையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ரிப்போர்ட்ல ஒரு கத்திரிக்கோல் இருக்கே?"

மாஸ்டர் எழுந்தார். "இருக்குங்கம்மா."

"இன்னிக்கும் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லைங்க. பொண்டாட்டி என் சட்டைப் பையில கையை விட்டுப் பாத்துத்தான் கூட்டிட்டு வந்தா."

நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. அதிகாரி பக்கம் திரும்பினார். "உங்க அபிப்பிராயம்?"

அதிகாரி எழுந்து நின்றார்.

"விதி மீறல் நடந்தது உண்மை மேடம். நான் சொல்றதுக்கு முன்னாடி அவரே நேர்ல போய்த் தாய்கிட்ட ஒத்துக்கிட்டார். அதுக்கப்புறம்தான் தாயோட சம்மதம் வந்தது. அதையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன்."

நீதிபதி அம்மா கடிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். ஐந்தாவது நிபந்தனைக்கு வந்தபோது, பல் தேய்க்கிற பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற இடத்தில், கடிதத்தைக் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். கீழே வைத்தபோது முகம் மறுபடியும் நீதிபதியின் முகமாக இருந்தது.

"பதினொண்ணையும் படிச்சீங்களா?"

"மனப்பாடமே பண்ணிட்டேங்க."

"முதல் நிபந்தனை உங்களுக்குக் கஷ்டமாச்சே. தொழிலே அதுதானே?"

"கையைக் கட்டிக்கிட்டு இருப்பேங்கம்மா."

"நான் பாத்துக்கறேங்க" என்றாள் மனைவி, யாரும் கேட்காமலே.

பாதுகாவலர் பொறுப்பு தாய்மாமனுக்கு மாற்றப்படுகிறது, ஒரு வருஷத்துக்கு. தாயின் நிலைமையைப் பார்த்து அதன் பிறகு மறுபரிசீலனை. நிபந்தனைகள் பதினொன்றும் உத்தரவின் பகுதி. நீதிபதி அம்மா கையெழுத்திட்டார். அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"முடிஞ்சிருச்சாடி?"

"முடிஞ்சிருச்சு."

"நெஜமாவா?"

"மூக்கைத் துடைங்க முதல்ல. பிள்ளை வரப் போறா."

வராந்தாவில் ஒரு துணிப்பையும் ஒரு செருப்புப் பெட்டியும் சுமந்துகொண்டு அதிகாரியின் பின்னால் சுண்டு நடந்து வந்தாள். பெட்டிக்குள் கல், மூடி, உடைந்த கிரேயான், எல்லாம் அவளுடைய சொத்து. பெரிய காதுகள் இரண்டும் வெளியே தெரிய, மாமனைப் பார்த்ததும் ஓடி வந்தாள். கிட்டே வந்ததும் வழக்கம் போல நின்று, கேட்டாள்:

"இன்னிக்கு எத்தனை மணிக்குத் திரும்பிப் போகணும் மாமா?"

மாஸ்டர் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அத்தைதான் குனிந்து பதில் சொன்னாள்.

"திரும்பிப் போறதெல்லாம் இல்லடி. நம்ம வீட்டுக்குப் போறோம்."

"ராத்திரி தூங்கறதுக்கு?"

"தூங்கறதுக்கும்தான்."

சுண்டு அதிகாரியை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். குழந்தை நம்பாமல் மறுபடி பார்த்தாள். அவர் மறுபடி ஆட்டினார்.

"பஸ்ஸு!" என்று கத்தினார் மாஸ்டர்.

மூன்று பேரும் ஓடினார்கள். துணிப்பை மாஸ்டர் தோளில், பெட்டி அத்தை கையில், சுண்டு நடுவில், பாதி தூரம் கால் தரையில் படாமலே. கடைசிச் சீட்டில் விழுந்து உட்கார்ந்தபோது மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. முதலில் மூச்சு வந்தது சுண்டுவுக்குத்தான்.

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் நம்ம வீடுதான்" என்றார் மாஸ்டர்.

"நாளன்னிக்கு?"

"நாளன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அம்மாவைப் பாக்கப் போறோம்."

சுண்டு சீட்டின் மேல் ஏறி நின்று, பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அதைச் சொல்ல ஆரம்பித்தாள்.